மேல்காற்றில் ஆடிய பையன்கள்

பேப்பரில் மூன்று வரி வந்தது. பல்கலைக்கழக அளவில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த கால்பந்துப் போட்டி முடிந்தது, முதலிடம் இவர்கள், இரண்டாமிடம் இவர்கள் என்று. மூன்றாவதாக வந்த எங்கள் பையன்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாவது இடத்துக்குக் கோப்பை கிடையாது, அதனால் பேப்பரிலும் இடம் கிடையாது. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பதினெட்டுப் பேரையும் தினமும் காலையிலும் சாயங்காலமும் பார்த்தவன் நான். எழுதி வைக்காவிட்டால் மனசு ஆறாது.

நான் பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் மார்க்கர். மைதானத்தில் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ஸ்டோர் ரூம் சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் என் வேலை. 1991-ல் சேர்ந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான், 1990-ல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து நமக்கென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி, இப்போது தென்காசியும் சேர்த்து நான்கு மாவட்டக் கல்லூரிகள்தான் எங்கள் உலகம். இதில் ஜெயித்தால் பல்கலைக்கழக அணிக்கு செலக்‌ஷன், அங்கிருந்து தென்மண்டலப் போட்டி. டிவியில் வராது, டிக்கெட் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஹாஸ்டல் பையன்கள், ரோட்டோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கும் இரண்டு பெரியவர்கள், அப்புறம் என்னை மாதிரி ஆட்கள்.

2024 சீசனைத்தான் சொல்ல வருகிறேன். எனக்கு அதுதான் கடைசி முழு சீசன்.

முதலில் காற்றைச் சொல்ல வேண்டும். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிடும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டைக்கு வருவது காற்று மட்டும்தான். மழை மலையோடு நின்றுவிடும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு பக்கம் கட்டடம், ஒரு பக்கம் வாய்க்கால், வேறு மாதிரி போட இடமில்லை. அதனால் ஒரு பாதி ஆட்டம் முழுக்கக் காற்றை எதிர்த்துத்தான் ஆட வேண்டும். மேற்கே பார்த்து கோலி அடிக்கிற கோல் கிக் மேலே போய் நின்று, யோசித்துவிட்டு, அவனை நோக்கியே திரும்பி வரும். புது கோலிகள் எல்லோரும் முதல் வாரத்தில் இதைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள்.

எனக்கும் காற்றுதான் கணக்கு. சுண்ணாம்பைப் பொடியாகத் தூவினால் பாதி வாய்க்காலுக்குப் போய்விடும். தண்ணீரில் கரைத்து, மூக்கு வைத்த டின்னில் ஊற்றி, காற்று எழும்புவதற்கு முன்னால் காலை ஐந்தரைக்குப் போட்டு முடிக்க வேண்டும். நடு வட்டத்துக்கு 9.15 மீட்டர் கயிறு. கோலுக்கு 7.32. பெனால்டி புள்ளிக்கு 11. எல்லாம் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். இருட்டிலும் கை கண்டுபிடித்துவிடும்.

பி.டி. சார் காற்றை வைத்தே அணியைப் பழக்கினார். மேற்கே பார்த்து ஆடும்போது பந்தைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, தூக்கினால் பத்து ரவுண்டு ஓட வேண்டும். முதல் இரண்டு வாரம் பையன்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பந்து தரையிலேயே போக ஆரம்பித்தது. சின்னச் சின்ன பாஸ், மூன்று பேர் சேர்ந்து ஒரு முக்கோணம், அது உடைந்து இன்னொரு முக்கோணம். முப்பத்து மூன்று வருஷத்தில் எங்கள் மைதானத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

பையன்களை நான் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர்களுக்கு நான் அண்ணாச்சி. கோலி மேலப்பாளையத்துக்காரன். ஒவ்வொரு கோடையிலும் காயல்பட்டினத்துக்குப் போய் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுப் போட்டியை கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்ப்பவன். வெளியூர்ப் பெரிய டீம் கோலிகள் கார்னருக்கு எங்கே நிற்கிறார்கள், எப்போது முன்னால் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறான். இடது விங் உவரிக்காரன். மணலில் ஓடி வளர்ந்த கால், மூன்று எட்டில் முழு வேகம் வந்துவிடும். ஜூலையில் எங்கள் வலை கிழிந்தபோது புது வலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். உவரிக்காரன் ஊருக்குப் போய்விட்டு வரும்போது வலை பின்னுகிற ஊசியும் நீல நூலும் கொண்டுவந்தான். போஸ்டுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு கண்ணாகப் பின்னி முடித்தான். "எங்க அப்பா பாத்தா இன்னும் இறுக்கமா போடுன்னு ஏசுவாரு அண்ணாச்சி" என்றான். எனக்கு அதைவிட இறுக்கமாக ஒரு முடிச்சு போடத் தெரியாது.

ஆனால் இந்த சீசனில் என் கண் முழுக்க ஊத்துப் பையன் மேல்தான் இருந்தது.

மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, அதற்கும் மேலே ஊத்து. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டிப் போகிற பஸ் ஒன்றிரண்டுதான். இரண்டாம் வருஷம் படிக்கிற பையன், ஸ்டாப்பர், அதாவது கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். முதல் வருஷம் ஹாஸ்டலில் இருந்தும் மைதானத்துப் பக்கமே வரவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். இந்த வருஷம் ஜூன் கடைசியில் தானாக வந்து நின்றான், வெறுங்காலோடு.

இரண்டாம் நாளே அவனிடம் ஒன்றைக் கவனித்தேன். பந்து தன்னைத் தாண்டிப் போவதை அவன் உடம்பு ஏற்றுக்கொள்ளவே மறுக்கிறது. விழுந்து புரண்டாவது காலை நீட்டிவிடுகிறான். எப்படிப் பழகினாய் என்று கேட்டேன். அவர்கள் விளையாடிய இடம் தேயிலைச் சரிவின் ஓரமாம். பந்து தாண்டிவிட்டால் நேரே தேயிலைக்குள் உருண்டு போய்விடும். விட்டவன்தான் போய் எடுக்க வேண்டும். மழையில் செடிக்குள் போனால் காலில் அட்டை ஏறும், நாலு ஐந்து என்று பிய்த்துக்கொண்டு வர வேண்டும். "அதனால யாரும் விட மாட்டோம் அண்ணாச்சி" என்றான்.

பூட் வாங்க அவனிடம் காசு இல்லை, கேட்கவும் மாட்டான். ஒரு நாள் நான் தண்ணீர் விட்டிருந்த இடத்தில் அவன் ஓடின தடம் அச்சாகப் பதிந்திருந்தது. என் கயிற்றை வைத்து அளந்துகொண்டேன். சனிக்கிழமை ஜங்ஷனுக்குப் போய், அளவைக் காட்டி, தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி வந்து ஸ்டோர் ரூமில் வைத்தேன்.

"இது யாரு பூட்டு அண்ணாச்சி?"

"ஒனக்குத்தாம்ல. போட்டுப் பாரு."

"என் சைஸு எப்படித் தெரியும்?"

தடத்தைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பக்கத்தில் காலை வைத்துப் பார்த்தான். எதுவும் பேசவில்லை. அன்றைக்கு எல்லோரும் போன பிறகு சுண்ணாம்பு டின்னைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அவன் ஏன் மைதானத்துக்கு வர ஆரம்பித்தான் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலையை ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது 1929-ல். குத்தகை 2028-ல் முடிகிறது. ஆனால் 2024 ஜூன் மாதமே தோட்ட வேலையை நிறுத்தி, எல்லோருக்கும் விருப்ப ஓய்வு என்று சொல்லிவிட்டார்கள். அவன் பாட்டி கொழுந்து கிள்ளிய மலை, அம்மா கிள்ளிய மலை. லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா, இருக்கலாமா என்று கோர்ட்டில் வழக்கு. ஆகஸ்ட் முழுக்க வீட்டில் இதே பேச்சு. ஹாஸ்டல் ரூமில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அவன் காலையிலும் சாயங்காலமும் எங்களோடு இருந்தான். மலை இறங்கிய பிறகு மறுபடி எங்கே போய் இருப்பது என்று அவன் அப்பாவுக்கே தெரியாத நேரம் அது. மைதானத்தில் மட்டும் அவனுக்கு நிற்க ஓர் இடம் இருந்தது, கோலிக்கு முன்னால், பெனால்டி பெட்டிக்குள்.

பல்கலைக்கழகத்துக்குள் எங்கள் மண்டலப் போட்டி ஆவணியில், நாக்அவுட். முதல் ஆட்டம் 2-0, சுலபம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அரையிறுதி அன்றைக்கு ஊத்துப் பையன் வரவில்லை. வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்க அப்பா கூப்பிட்டிருந்தார். அவன் இடத்தில் ஆடிய தூத்துக்குடிப் பையன் பாவம், நல்லவன், ஆனால் எதிரி நெருங்கி வந்தால் ஒரு எட்டு பின்னால் வைப்பான். காற்று வேறு எங்களுக்கு எதிராக இருந்தது. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் காற்றோடு ஆடும்போது உவரிக்காரன் ஒன்று போட்டான். டைபிரேக்கர். மேலப்பாளையத்துக்காரன் எதிரணியின் மூன்றாவது கிக்குக்கு அசையாமல் நடுவிலேயே நின்றான். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அந்தப் பையன் பந்தை வைக்கும்போது இரண்டு மூலையையும் பார்த்தான், நடுவை மட்டும் பார்க்கவில்லை என்றான். அதுவும் நோட்டில் எழுதியாகிவிட்டது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் கயிறு பிடித்துக்கொண்டிருக்கும்போது ஊத்துப் பையன் வந்தான். கையில் பேப்பரில் பொதிந்த தேயிலைத் தூள். "கடைசியா அம்மா எடுத்து வச்சது. டீமுக்குப் போடச் சொன்னாங்க." கேண்டீன்காரரிடம் சொல்லி அன்றைக்கு பதினெட்டுப் பேருக்கும் அந்தத் தூளில் டீ போட்டோம். அவர்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில், வாடகைக்கு.

மண்டல இறுதிப் போட்டியில் தோற்றோம், 0-1. இரண்டாவதாக வந்த அணிக்கும் அடுத்த சுற்று உண்டு என்பதால் அது பெரிதாக வலிக்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு முன்னால் ஒரு சங்கடம். போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஓ.டி., அதாவது வகுப்பில் இருந்ததாகவே கணக்கு வைக்கும் 'ஆன் டியூட்டி', போட வேண்டும். 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. ஒரு ஆசிரியர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். அவர் வகுப்பில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் ஊத்துக்காரன். பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா என்று பையன்கள் முன்னாலேயே கேட்டார். நான் ஓரமாக ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் உறுத்துகிறது. இரவிபுத்தன்துறையிலிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்கிற தேசியக் கால்பந்து லீக் வரைக்கும் போனார் என்று சொல்லியிருக்கலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன எங்கள் பழைய பையன்களைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் சரியான பதில் இல்லை. வீடு போன ஒரு பையன் மூன்று மாதமாக ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, வகுப்புக்கும் வந்துகொண்டிருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் அந்தப் பந்து. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் பி.டி. சார் போய்ப் பேசி கையெழுத்து வாங்கினார்.

அடுத்த சுற்று கன்னியாகுமரி மாவட்டத்தில். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்திலிருந்து காலை முதல் பஸ். பந்துப் பை மேலே, கிட் பை காலடியில். நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாடிகள் வந்ததும் கோலி ஜன்னலில் தலையை வைத்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வந்தான். ஆரல்வாய்மொழி தாண்டியதும் பச்சை. பையன்கள் தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டார்கள்.

நாலு அணி, லீக். முதல் ஆட்டமே கடற்கரைப் பையன்கள் நிறைந்த ஒரு கல்லூரியோடு. மைதானம் பாதி மணல். எங்கள் ஆட்டமே தரையில் பந்தை உருட்டுவது. மணலில் பந்து உருளவில்லை. உவரிக்காரன் ஒருவன்தான் வீட்டுக்கு வந்த மாதிரி ஓடினான். ஊத்துப் பையன் காலை நீட்டும் இடத்தில் மண் வழுக்கவில்லை, பிடித்துக்கொண்டது. மலையில் ஈரத்தில் சறுக்கியே பழகிய கால். அரை நொடி தாமதம், அந்த அரை நொடி போதும் அவர்களுக்கு. இடைவேளைக்குள் இரண்டு கோல். எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் பி.டி. சார் எல்லோரையும் முன்னால் ஏறச் சொன்னார். ஒரு கோலாவது போட்டுவிட்டுத் தோற்போம் என்று. கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு வாங்கினோம். 0-4.

இரண்டாவது ஆட்டம் 1-1. மூன்றாவது நாள் ஆட்டம் காலை எட்டு மணிக்கு, முந்தின ராத்திரி நல்ல மழை. நான் மைதானத்துக்குள் இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்தேன். மணல் இறுகியிருந்தது. மேலே மெல்லிசாகத் தண்ணீர். ஊத்துப் பையனைத் தேடினேன். அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான், பூட்டின் முனையால் கிளறி.

அன்றைக்கு அவன் ஆடியது மாதிரி ஒரு ஸ்டாப்பர் ஆடி நான் பார்த்ததில்லை. ஒரு பந்து, ஒரே ஒரு பந்து அவனைத் தாண்டியது, அது கோலானது. மற்ற எல்லாம் அவன் காலில் வந்து நின்றது. சறுக்கிக்கொண்டே வருவான், பந்தை எடுப்பான், எழும்போதே உவரிக்காரனுக்குத் தட்டிவிடுவான். இரண்டு கோலும் அப்படித்தான் வந்தன. 2-1. விசில் அடித்ததும் அவன் கொண்டாடவில்லை. உட்கார்ந்து காலுறையை இறக்கி, கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அட்டை தேடுகிற பழக்கம்.

அப்புறம் கணக்கு. கடற்கரைக் கல்லூரிக்கு ஒன்பது புள்ளி. எங்களுக்கு நாலு. எங்களோடு டிரா செய்தவர்களுக்கும் நாலு. அவர்கள் 0-2, 1-1, 1-0, அதாவது கோல் வித்தியாசத்தில் ஒன்று குறைவு. எங்களுக்கு மூன்று குறைவு. அந்த முதல் நாள் 0-2 என்றே விட்டிருந்தால் வித்தியாசம் சமம், அடித்த கோல் அவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு மூன்று, நாங்கள்தான் இரண்டாமிடம். திரும்பி வரும் பஸ்ஸில் வள்ளியூர் வரைக்கும் பையன்கள் இதையே கூட்டிக் கழித்தார்கள். பி.டி. சார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "நான் பண்ணது தப்பா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை சார் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு கோல் வாங்கிவிட்டுப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்திருந்தால், மூன்றாம் நாள் காலையில் அந்த ஆட்டத்தை அவர்கள் ஆடியிருக்க மாட்டார்கள்.

நாங்குநேரியில் பஸ் நின்றபோது ஒரு தார் நாட்டுப்பழத்தில் இரண்டு சீப்பு வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச்சு மாறியது.

பல்கலைக்கழக அணிப் பட்டியல் வந்தது. கோலி பெயர் இருந்தது. உவரிக்காரன் ரிசர்வில். ஊத்துப் பையன் பெயர் இல்லை. நோட்டீஸ் போர்டில் அந்தப் பட்டியலை நான் மூன்று தடவை படித்தேன். அவன் ஒரு தடவை படித்துவிட்டு கோலியைத் தேடிக்கொண்டு போனான், கை கொடுக்க.

ஐப்பசி மழையில் மைதானம் பச்சையாகிவிட்டது. கோலுக்கு முன்னால் ஸ்டாப்பர் நின்று நின்று மொட்டையான இடத்திலும் புல் வந்தது. வலையை அவிழ்த்துச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்தேன். வெள்ளை வலையில் அந்த நீல நூல் பின்னல் மட்டும் தனியாகத் தெரிகிறது.

தை மாதம் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் ஊத்துப் பையன் வந்தான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான்.

"மே மாசத்தோட நீங்க ரிட்டயராமே அண்ணாச்சி. பி.டி. சார் சொன்னாங்க."

"ஆமாம்ல."

"அடுத்த ஜூன்ல கோடு யாரு போடுவா?"

புதிதாக ஆள் போடும் வரைக்கும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. கயிறு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னான். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவி, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டுக்கொண்டான். நடுவில் முளையை அடித்து அவனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவன் முளையை என்னிடம் கொடுத்துவிட்டு, கயிற்று நுனியையும் சுண்ணாம்பு டின்னையும் எடுத்துக்கொண்டான். இருட்டில் 9.15 முடிச்சைக் கையாலேயே தேடிப் பிடித்து, கயிறு தொய்யாமல் பின்னால் நடந்து வட்டத்தைப் போட்டான். ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலு விரல் அகலம் விலகியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டான்.